தொலைந்த விண்கலமும் தொலைதூர ஆண்டெனாக்களும்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக. பின்னர், கேள்விகளுக்கு விடை எழுதுக.

2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள். நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான்-1 விண்கலத்திலிருந்து வந்துகொண்டிருந்த சமிக்ஞை திடீரென நின்றுபோனது. கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து எத்தனை முறை அழைத்தும் பதில் இல்லை. இந்தியா நிலவுக்கு அனுப்பிய முதல் விண்கலம் அது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட அக்கலம், ஈராண்டு பணியாற்ற வேண்டும் என்று திட்டமிடப்பட்டிருந்தது. ஓராண்டு நிறைவதற்குள் அதன் குரல் ஓய்ந்துவிட்டது.

அத்திட்டத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர் மயில்சாமி அண்ணாதுரை. கோயம்புத்தூர் மாவட்டத்தின் கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர் அவர். குறைந்த காலமே இயங்கினாலும் சந்திரயான்-1 தன் பணியைச் செவ்வனே செய்திருந்தது. நிலவின் மேற்பரப்பில் நீரின் மூலக்கூறுகள் இருப்பதற்கான சான்று அதில் பொருத்தப்பட்ட கருவியின் வாயிலாகவே கிடைத்தது. அச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, விண்கலத்துடனான தொடர்பு அறுந்து ஏறத்தாழ ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஆண்டுகள் ஏழு உருண்டோடின. பேசாத அந்தக் கலம் நிலவைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறதா? இருந்தால், இப்போது எங்கே இருக்கிறது? அதன் பக்கம் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டர். அஃதாவது, ஒரு சிறிய காரை விடவும் சிறிய பெட்டி. அது பூமியிலிருந்து ஏறத்தாழ 380,000 கிலோமீட்டர் தொலைவில், ஒளி வீசும் நிலவின் அருகே சுற்றுகிறது. தொலைநோக்கியால் பார்க்கலாம் என்றால், நிலவின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். அப்படியிருந்தும் 2016ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் அதனைக் கண்டுபிடித்தனர். ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் அமைந்த இரண்டு ஆண்டெனாக்களே அவர்களுக்குக் கைகொடுத்தன.

பக்கத்தில் பக்கமாக இல்லாமல் தொலைதூரத்தில் பிரிந்து நிற்கும் ஆண்டெனாக்களால் ஒரு பொருளின் இடத்தை எப்படி அறிய முடிகிறது? இதனைப் புரிந்துகொள்ள நிலவுக்குப் போகுமுன் நம் நாட்டு மலை ஒன்றில் சற்று நிற்போம்.

எதிரொலி கூறும் தொலைவு

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் உள்ள கோலா தெர்லாவை நினைத்துக்கொள்ளுங்கள். காய்கறித் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளும் நிறைந்த வட்டாரம் அது. காலை வேளை, பனிமூட்டம் பள்ளத்தாக்கை மூடியிருக்கிறது. செங்குத்தான பாறை ஒன்று எங்கோ இருக்கிறது. ஆனால், கண்ணுக்குத் தெரியவில்லை. நீங்கள் ஒரு சரிவில் நின்று உறுமி மேளத்தை ஒரே ஒருமுறை ஓங்கித் தட்டுகிறீர்கள். சரியாக 2 விநாடிகளில் எதிரொலி திரும்பி வருகிறது.

காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 2 விநாடிகளில் அது 680 மீட்டர் பயணம் செய்திருக்கிறது. போனதும் வந்ததும் சேர்ந்த தூரம் இது. எனவே, பாறை உங்களிடமிருந்து 340 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கணக்கு எளிது.

ஆனால், பாறை எந்தத் திசையில் இருக்கிறது? எதிரொலியின் நேரம் அதைச் சொல்லாது. வரைபடத்தில் உங்களை மையமாக வைத்து 340 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம் வரையுங்கள். அந்த வட்டத்தின் எந்தப் புள்ளியிலும் பாறை இருக்கலாம். ‘எவ்வளவு தூரம்’ என்பது தெரிந்துவிட்டது. ‘எங்கே’ என்பது தெரியவில்லை.

ரேடாரும் இவ்வாறே இயங்குகிறது. ஒலிக்கு மாற்றாக அது வானொலி அலைகளை அனுப்புகிறது. அவ்வலைகள் விநாடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றன. விமானம், கப்பல், மழைத்துளி ஆகியவற்றின் மீது பட்டுத் திரும்பும் அலையின் நேரத்தைக் கொண்டு ரேடார் தொலைவைக் கணக்கிடுகிறது. திசையை அறிய, அலையை ஒரு கைவிளக்கின் ஒளிக்கற்றைபோல் குவித்து, ஆண்டெனாவைச் சுழற்றுகிறார்கள். எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது எதிரொலி வந்ததோ, அதுவே பொருளின் திசை.

இம்முறையில் ஒரு குறை உண்டு. கைவிளக்கின் ஒளி தூரம் செல்லச் செல்ல விரிவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடாரின் கற்றையும் அப்படித்தான் விரியும். 1 பாகை அகலமுள்ள கற்றை, 100 கிலோமீட்டர் தொலைவை எட்டும்போது ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் அகலத்திற்கு விரிந்துவிடும். அந்த அகலத்திற்குள் பொருள் எங்கே இருக்கிறது என்று அறுதியிட்டுக் கூறுவது கடினம். நேரத்தையோ மிகத் துல்லியமாக அளக்க முடியும். அப்படியானால், திசையையும் நேரத்தைக் கொண்டே கண்டறிய வழி உண்டா? உண்டு. அதற்கு இன்னொரு செவி தேவை.

கயிறும் இரண்டு முளைகளும்

மீண்டும் அதே மலைச்சரிவு. இம்முறை உங்கள் தோழி 600 மீட்டர் தள்ளி, வேறொரு சரிவில் நிற்கிறாள். நீங்கள் மேளத்தைத் தட்டுகிறீர்கள். பாறையில் பட்டுத் திரும்பும் ஒலியை அவள் கேட்கிறாள். நீங்கள் தட்டியதற்கும் அவள் எதிரொலியைக் கேட்டதற்கும் இடையில் 3 விநாடிகள் கடந்திருக்கின்றன. எனவே, உங்களிடமிருந்து பாறைக்கும், பாறையிலிருந்து தோழிக்கும் ஒலி சென்ற மொத்தத் தூரம் 1,020 மீட்டர்.

இப்போது பாறை எங்கே இருக்கலாம்? இதற்கு விடை காண ஒரு கயிறும் இரண்டு முளைகளும் போதும். 10 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என அளவு வைத்துக்கொள்ளுங்கள். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் தரையில் இரண்டு முளைகளை அடியுங்கள். ஒரு முளை நீங்கள். மற்றது உங்கள் தோழி. 102 சென்டிமீட்டர் நீளமுள்ள கயிற்றின் இரு முனைகளையும் முளைகளில் கட்டுங்கள். தளர்ந்து கிடக்கும் கயிற்றை ஒரு குச்சியால் விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி மண்ணில் கோடு போட்டுச் செல்லுங்கள். முளைகளைச் சுற்றி ஒரு நீள்வட்டம் உருவாகும். குச்சி எந்த இடத்தில் இருந்தாலும் இரண்டு முளைகளிலிருந்தும் அதன் தூரங்களைக் கூட்டினால் 102 சென்டிமீட்டர்தான் வரும். பாறை அந்த நீள்வட்டத்தின் ஏதோ ஒரு புள்ளியில் இருக்கிறது.

ஒரு செவி வட்டத்தைத் தந்தது. பிரிந்து நிற்கும் செவி நீள்வட்டத்தைத் தந்தது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வரைந்தால் அவை ஒரு சில புள்ளிகளில் மட்டுமே வெட்டிக்கொள்ளும். மூன்றாவது சரிவில் இன்னொரு நண்பன் நின்று கேட்டால், இன்னொரு நீள்வட்டம் கிடைக்கும். எல்லாக் கோடுகளும் ஒன்றுசேரும் புள்ளியே பாறையின் இடம். பனிமூட்டம் விலகாமலே, பாறையைக் கண்ணால் காணாமலே, அது இருக்கும் இடத்தைச் சொல்லிவிட முடிகிறது.

இங்கே செவிகள் விலகி நிற்பது முக்கியம். மூவரும் ஓரிடத்தில் தோளோடு தோள் உரசி நின்றால், மூவருக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் எதிரொலி கேட்கும். மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். புதிதாக எதுவும் தெரியவராது. இடைவெளி மிகுந்தால்தான் கோடுகள் ஒன்றையொன்று தெளிவாக வெட்டும்.

கடிகாரங்களின் உடன்பாடு

மேலே கூறிய விளையாட்டில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நீங்கள் எப்போது மேளத்தைத் தட்டினீர்கள் என்பது 600 மீட்டர் தள்ளி நிற்கும் தோழிக்கு எப்படித் தெரியும்? இருவர் கைக்கடிகாரங்களும் அரை விநாடி மாறுபட்டிருந்தால், கணக்கில் 170 மீட்டர் பிழை நேர்ந்துவிடும்.

ரேடாரில் இச்சிக்கல் இன்னும் பெரிது. விநாடியைப் பத்து இலட்சம் கூறுகளாகப் பிரித்தால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரோ விநாடி. அந்த இமைப்பொழுதுக்கும் குறைவான நேரத்தில் வானொலி அலை 300 மீட்டர் ஓடிவிடும். எனவே, தொலைதூர ஆண்டெனாக்களின் கடிகாரங்கள் ஒரு மைக்ரோ விநாடி பிசகினாலும் அலை சென்ற பாதையின் நீளத்தில் 300 மீட்டர் பிழையாகிவிடும். இதனால்தான் இத்தகைய ரேடார்களில் அணுக் கடிகாரங்களையும் செயற்கைக்கோள் வழி வரும் நேரக் குறிப்புகளையும் பயன்படுத்துகிறார்கள். இதற்கு நேர ஒத்திசைவு என்று பெயர்.

உண்மையில் ரேடார் பிறந்தபோதே இரண்டு இடங்களில்தான் பிறந்தது. 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் இங்கிலாந்தில் ராபர்ட் வாட்சன்-வாட், அர்னால்டு வில்கின்ஸ் ஆகிய இருவரும் ஒரு சோதனையை நடத்தினர். டேவன்ட்ரி என்னும் ஊரிலிருந்த பிபிசி வானொலி நிலையம் அலைகளை அனுப்பியது. சில கிலோமீட்டர் தொலைவில், ஒரு வயல்வெளியில் நின்ற வண்டியில் அலைவாங்கிக் கருவி இருந்தது. வானில் பறந்த விமானத்தின் மீது பட்டுச் சிதறிய அலையை அக்கருவி பதிவு செய்தது. பின்னாளில், ஒரே ஆண்டெனாவால் அனுப்பவும் பெறவும் முடியும் என்ற நிலை வந்தது. அது செலவைக் குறைத்தது. நேர ஒத்திசைவுச் சிக்கலையும் நீக்கியது. அதனால், ஒற்றை ஆண்டெனா ரேடார்களே எங்கும் பரவின. துல்லியமான கடிகாரங்களும் விரைவான கணினிகளும் வந்த பிறகு, பிரிந்து நிற்கும் ஆண்டெனாக்களின் மீது அறிவியலாளர்களின் கவனம் மீண்டும் திரும்பியது.

ஒரே ஒரு வளைவு

ஓரிடத்திலிருந்து மட்டும் அளந்தால் என்ன ஆகும் என்பதை மலேசியர்களாகிய நாம் ஆழ்ந்த துயரத்தோடு அறிந்திருக்கிறோம். 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்கிற்குப் புறப்பட்ட எம்எச்370 விமானம் 239 பேருடன் காணாமற்போனது. விமானம் திசைமாறி மேற்கு நோக்கிச் சென்றதை இராணுவ ரேடார் பதிவு செய்திருந்தது. அதிகாலை 2.22 மணிக்குப் பின்னர் ரேடாரின் எல்லையையும் அது கடந்துவிட்டது.

அதன் பிறகு, விமானத்திலிருந்த தொடர்புக் கருவிக்கும் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இருந்த ஒரு செயற்கைக்கோளுக்கும் இடையே காலை 8.19 வரை அவ்வப்போது சிறு சமிக்ஞைகள் பரிமாறப்பட்டன. இவை ரேடார் எதிரொலிகள் அல்ல. ஆயினும், கணக்கு ஒன்றே. சமிக்ஞைக்கு ஆன நேரத்தைக் கொண்டு, செயற்கைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தொலைவில் இருந்தது என்று கணக்கிட்டனர். ஆனால், சமிக்ஞையைக் கேட்ட செயற்கைக்கோள் ஒன்றே ஒன்றுதான். எனவே, கிடைத்தது ஒரு புள்ளி அன்று. கடலின் மீது நீண்டு செல்லும் ஒரு வளைவு.

அலைகளின் அதிர்வெண்ணில் ஏற்பட்ட மாற்றத்தை ஆராய்ந்து, விமானம் தெற்கு நோக்கிச் சென்றிருக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். அவ்வளைவை ஒட்டி 120,000 சதுர கிலோமீட்டர் பரப்பளவுள்ள கடலடியில் தேடினர். விமானம் அங்கே கிடைக்கவில்லை. அதே சமிக்ஞையை இன்னொரு செயற்கைக்கோள் வேறோர் இடத்திலிருந்து கேட்டிருந்தால், தேட வேண்டிய பரப்பு பெரிதும் சுருங்கியிருக்கும். இரண்டாவது செவி என்பது வெறும் கணக்குப் பாடம் அன்று; காத்திருக்கும் குடும்பங்களுக்கு அது விடை தரக்கூடிய ஒன்று.

நிலவின் வடதுருவத்தில் ஒரு காத்திருப்பு

இனி, நிலவுக்குச் செல்வோம். சந்திரயான்-1 கலத்தைத் தேடும் பணியை அமெரிக்காவின் நாசாவுக்குரிய ஜெட் உந்துவிசை ஆய்வகம் மேற்கொண்டது. அக்கலம் கடைசியாக எந்தப் பாதையில் சுற்றியது என்பது 2009ஆம் ஆண்டுக் குறிப்புகளிலிருந்து தெரியும். ஆனால், ஏழாண்டுகளுக்குப் பிறகு அப்பாதையில் அது எங்கே இருக்கும் என்பது தெரியாது. நிலவின் ஈர்ப்புவிசை எல்லா இடங்களிலும் சீராக இல்லை. சில இடங்களில் நிலத்தடியில் அடர்த்தியான பாறைத் திரள்கள் இருப்பதால், அங்கே ஈர்ப்பு சற்று மிகுந்திருக்கும். அது விண்கலத்தின் பாதையைச் சிறிது சிறிதாக மாற்றிவிடும்.

அறிவியலாளர்களுக்கு உதவியது ஓர் எளிய உண்மை. சந்திரயான்-1 நிலவின் துருவங்களின் மேலாகச் செல்லும் பாதையில் விடப்பட்டிருந்தது. பாதை சற்றே மாறியிருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் அது வடதுருவத்திற்கு மேலே வந்தே தீரும். அலைந்து தேடுவதைவிட, அது வரும் வழியில் காத்திருப்பது மேல் அன்றோ!

2016ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், கலிபோர்னியா பாலைவனத்தின் கோல்டுஸ்டோன் நிலையத்திலுள்ள 70 மீட்டர் ஆண்டெனா, நிலவின் வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் உயரத்தை நோக்கி வலிமைமிக்க அலைகளை அனுப்பியது. அங்கிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால், மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் உள்ள கிரீன் பேங்க் தொலைநோக்கியின் 100 மீட்டர் ஆண்டெனா எதிரொலிக்காகக் காத்திருந்தது.

ஏன் இரண்டு ஆண்டெனாக்கள்? உரக்கக் கூவிக்கொண்டே ஒரு மெல்லிய முணுமுணுப்பைக் கேட்க நம்மால் முடியாது. நிலவின் அருகிலுள்ள சிறு கலத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அத்தகைய முணுமுணுப்புதான். அலை போய்த் திரும்ப ஏறத்தாழ இரண்டரை விநாடிகள் ஆகும். ஓர் ஆண்டெனா இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்க, வெகுதொலைவில் வேறோர் ஆண்டெனா அமைதியாகச் செவிமடுத்தால், அந்த முணுமுணுப்பும் காதில் விழும். கிரீன் பேங்க் வட்டாரத்தில் வானொலி அலைகளைப் பரப்பும் கருவிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. கேட்பதற்கென்றே காக்கப்பட்ட அமைதியான இடம் அது.

சந்திரயான்-1 நிலவை ஒருமுறை சுற்ற 2 மணி 8 நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டிருந்தனர். நான்கு மணி நேரக் கண்காணிப்பில் ஒரு சிறு பொருள் இருமுறை அலைக்கற்றையைக் கடந்தது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடைப்பட்ட நேரம், கலம் ஒரு சுற்றை முடிக்க ஆகும் நேரத்துடன் ஒத்துப்போனது. அது சந்திரயான்-1தான்! பழைய குறிப்புகளின்படி அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து அரைச் சுற்று விலகியிருந்தது. மற்றபடி, அதன் பாதை பெரிதாக மாறவில்லை. அடுத்த மூன்று மாதங்களில் மேலும் ஏழு முறை அதன் எதிரொலியைப் பதிவு செய்து, கண்டறிந்ததை உறுதிப்படுத்திக்கொண்டனர். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் இச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

இதில் வியப்பான ஒன்றும் உண்டு. தொடர்பை இழப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பு, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சந்திரயான்-1 கலமே இத்தகைய ஒரு சோதனையில் பங்கேற்றது. நிலவின் வடதுருவப் பள்ளம் ஒன்றில் பனிக்கட்டி உள்ளதா என்று அறிய, அது ரேடார் அலைகளை அனுப்ப, நாசாவின் மற்றொரு விண்கலம் எதிரொலியைக் கேட்க வேண்டும் என்பது திட்டம். அச்சோதனை எண்ணியபடி பலன் தரவில்லை. ஒரு காலத்தில் இரு முனை ரேடாரின் ஒரு முனையாக நின்ற கலம், பின்னர் அதே முறையால் கண்டுபிடிக்கப்பட்டது.

செவிகள் பெருகினால்

இன்றைய ஆய்வுகள் இரண்டோடு நிற்கவில்லை. பல இடங்களில் அனுப்பும் ஆண்டெனாக்களையும் பல இடங்களில் பெறும் ஆண்டெனாக்களையும் நிறுவி, அனைத்தையும் ஒரே ரேடாராக இயக்கும் முறை உருவாகியுள்ளது. அனுப்பும் ஆண்டெனா ஒவ்வொன்றும் தனக்கே உரிய வடிவமுள்ள அலையை அனுப்பும். மேளம், நாதசுரம், புல்லாங்குழல் ஆகியவை ஒன்றாக ஒலித்தாலும் நம் காது அவற்றைப் பிரித்தறிகிறது அல்லவா? அதுபோல, எந்த எதிரொலி எந்த ஆண்டெனாவின் அலையால் வந்தது என்பதைக் கணினி பிரித்துவிடும். அனுப்பும் ஆண்டெனா 3, பெறும் ஆண்டெனா 4 என்றால், 12 பாதைகள் கிடைக்கும். ஒவ்வொரு பாதையும் ஒரு நீள்வட்டத்தைத் தரும்.

இதனால் மேலும் சில நன்மைகள் உண்டு. ஒரு விமானம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் அலைகளைச் சிதறடிப்பதில்லை. ஒரு பக்கத்தில் வலுவான எதிரொலியைத் தரும் அதே விமானம், மறுபக்கத்தில் மங்கிய எதிரொலியைத் தரக்கூடும். ஒற்றை ரேடார் மங்கிய பக்கத்தில் அமைந்துவிட்டால், விமானம் தவறிப்போகும். பல திசைகளில் ஆண்டெனாக்கள் இருந்தால், ஒன்று தவறவிட்டதை மற்றொன்று பிடித்துவிடும். மலைநாடுகளில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். ஒரு பக்கத்திலிருந்து வரும் ரேடார் கற்றையை மலைத்தொடர் தடுத்துவிட்டால், அதன் பின்புறம் பெய்யும் மழை சரிவரப் பதிவாகாது. மலையின் இரு பக்கங்களிலிருந்தும் பார்த்தால்தான் முழுமையான தோற்றம் கிடைக்கும். மண்சரிவும் திடீர் வெள்ளமும் நேரக்கூடிய மலைச்சரிவுகளில் வாழ்வோருக்கு மழையைப் பற்றிய சரியான தகவல் உயிர்காக்கும் தகவலாகும்.

இம்முறைக்குச் சிக்கல்களும் உண்டு. வானில் ஒரே நேரத்தில் பல பொருள்கள் இருந்தால், நீள்வட்டங்கள் தேவையற்ற இடங்களிலும் வெட்டிக்கொள்ளும். அங்கே உண்மையில் எதுவும் இருக்காது. அத்தகைய பொய்ப் புள்ளிகளை நீக்க, கூடுதல் ஆண்டெனாக்களும் திறன்மிக்க கணினிகளும் வேண்டும். எல்லா ஆண்டெனாக்களின் தரவுகளையும் ஓரிடத்திற்குக் கொண்டுவர விரைவான தகவல் தொடர்பும் வேண்டும். செலவும் மிகும்.

‘ஒரு கை தட்டினால் ஓசை எழாது’ என்பது நாம் அறிந்த பழமொழி. ரேடாரும் அதையே மெய்ப்பிக்கிறது. ஓரிடத்திலிருந்து அளக்கும் நேரம், பொருளின் தொலைவை மட்டுமே கூறும். விலகி நிற்கும் பல ஆண்டெனாக்கள், ஒரே நேரக் கணக்கிற்கு உடன்பட்டு, தத்தம் அளவீடுகளைப் பகிர்ந்துகொள்ளும்போதுதான் அப்பொருள் இருக்கும் இடம் துலங்கும். நிலவை நோக்கிப் பல நாடுகள் விண்கலங்களை அனுப்பும் இக்காலத்தில், பேசாமற்போன பழைய கலங்கள் எங்கே சுற்றுகின்றன என்பதை அறிவது இன்றியமையாதது. புதிதாகச் செல்லும் கலம் பழைய கலத்தின் மீது மோதாமல் காக்க, அந்த அறிவே துணைநிற்கும்.

சொற்பொருள்

சமிக்ஞை – செய்தியை உணர்த்தும் குறி அல்லது அலை
அறுதியிடுதல் – முடிவாக உறுதி செய்தல்
முளை – தரையில் அடிக்கும் சிறு கட்டை
நீள்வட்டம் – நீண்ட வடிவமுடைய வட்டம்
நேர ஒத்திசைவு – பல கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டும்படி இயங்குதல்
அதிர்வெண் – ஒரு விநாடியில் ஏற்படும் அலை அதிர்வுகளின் எண்ணிக்கை
செவிமடுத்தல் – கவனமாகக் கேட்டல்
துலங்குதல் – தெளிவாக விளங்குதல்

கருத்துணர் கேள்விகள்

1. சந்திரயான்-1 கலத்தின் வாயிலாகக் கிடைத்த முக்கியமான சான்று யாது?

2. எதிரொலியின் நேரத்தை ஓரிடத்திலிருந்து மட்டும் அளந்தால் பொருளின் இடத்தை ஏன் அறிய இயலாது?

3. மூன்று செவிகளும் ஒன்றுக்கொன்று விலகியிருப்பது ஏன் முக்கியம்? விளக்குக.

4. எம்எச்370 விமானத்தைத் தேடியபோது ஒரு புள்ளி கிடைக்காமல் வளைவு மட்டுமே கிடைத்ததற்குக் காரணம் என்ன?

5. அறிவியலாளர்கள் நிலவின் வடதுருவத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு எனக் கருதுகிறீர்களா? கட்டுரையிலிருந்து சான்றுகள் தந்து விளக்குக.

6. ‘கேட்பதற்கென்றே காக்கப்பட்ட அமைதியான இடம்’ என்று கட்டுரையாளர் எதனைக் குறிப்பிடுகிறார்? அவ்வமைதி ஏன் தேவைப்பட்டது?

7. தொலைதூர ஆண்டெனாக்களைப் பயன்படுத்துவதால் ஏற்படும் நன்மைகள் இரண்டனையும் சிக்கல்கள் இரண்டனையும் எழுதுக.

நடவடிக்கை

1. இணையராக அமர்ந்து, ஒரு மென்பலகையில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குண்டூசிகளைக் குத்துக. 51 சென்டிமீட்டர் நூலைக் கொண்டு நீள்வட்டம் வரைக. பின்னர், ஒரு குண்டூசியை மட்டும் இடம் மாற்றி, வேறு நீளமுள்ள நூலால் இன்னொரு நீள்வட்டம் வரைக. அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைக் குறித்து, உங்கள் கண்டறிவை வகுப்பில் கூறுக.

2. ‘ஒரு கை தட்டினால் ஓசை எழாது’ என்னும் பழமொழி பொருந்தும் வேறொரு சூழலை 80 சொற்களில் எழுதுக.

3. மலைப்பகுதியில் வாழும் மக்களுக்கு மழையைப் பற்றிய முன்னறிவிப்பு எவ்வாறு உதவும் என்பதைக் குழுவில் கலந்துரையாடி, கருத்துகளைத் தொகுத்துப் படைத்திடுக.